கேட்டாலும் கொடுக்காதே

வேன் மறுபடி ஹாரன் அடித்தது. தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு விக்டோரியா தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள். இம்மானுவேல் படியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அவற்றின் மேல் போட்டு அமுக்கியிருந்தான். அப்படியும் தோள்கள் ஆடின. அவன் பக்கத்தில் வைத்திருந்த காபியில் ஆடை படிந்துவிட்டது. தூக்கினால் சிந்திவிடும் என்று அவன் அதைத் தொடவில்லை.

தெருமுனையில் நின்றது மில் வேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் மில்லுக்குக் கான்ட்ராக்டர் ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி. பின்சீட்டுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி எப்போதும் இருக்கும். ஏறுகிறவன் கையில் ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கொடுத்துச் சாராயம் ஊற்றுவார்கள். டபுள் ஷிஃப்ட் என்றால் நடுவிலும் ஒருமுறை ஊற்றுவார்கள். ஃபர்னஸ் வாயில் நின்று கசடு வாருகிறவனுக்குச் சூடு உறைக்கக் கூடாது. அந்த வேலைக்குப் போவதற்கு முன்பு இம்மானுவேல் கல்யாண வீட்டில்கூடக் குடித்தவன் இல்லை. இப்போதெல்லாம் வண்டி வராத நாளில் அவனே தேடிக்கொண்டு போகிறான்.

முந்தாநாள் வரைக்கும் போனான். நேற்று வெள்ளிக்கிழமை. ஃபர்னஸ் ரிப்பேர் என்று ஷிஃப்ட் இல்லாததால், விக்டோரியா கூப்பிட்டதும் உபவாச ஜெபத்துக்கு வந்துவிட்டான். பக்கத்து வீட்டுக் கோபாலும் சும்மா கூட வந்து, செருப்பு விடும் இடத்துக்கு அருகில் உட்கார்ந்துகொண்டான். கோபால் மாரியம்மனைக் கும்பிடுகிறவன். ஆனாலும் இம்மானுவேல் போகிற இடத்துக்கெல்லாம் போவான். இரண்டு பேருக்கும் ஒரே ஃபர்னஸ்.

சபை என்பது தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. ஒரு பக்கம் தொழிற்சாலைச் சுவர், மறுபக்கம் யாரோ மனைபோட்டு விற்கக் கல் நட்ட வயல். பாஸ்டர் சாலமோனும் ஒரு காலத்தில் மில்லில் வேலை செய்தவர்தான். பழுத்த கம்பி இழுத்துவிட்ட தழும்பு அவர் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஓடும். அன்றைக்கு அவர் சர்வாயுதவர்க்கத்தைப் பற்றிப் பேசினார். விசுவாசிக்குத் தேவன் கொடுக்கிற மார்க்கவசம், கேடகம், தலைச்சீரா என்று ஒவ்வொன்றாகத் தன் உடம்பிலேயே தொட்டுக் காட்டினார்.

"தலைச்சீரான்னா இன்னா? நம்ம ஹெல்மெட்டு."

"எங்க மில்லுல அது பீரோவுல கீது பாஸ்டர்," என்றான் கோபால் பின்னாலிருந்து. "ஆபீசர் வர்ற அன்னிக்குத்தான் சாவி வரும்."

சபை முழுக்கச் சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார். "கர்த்தர் பூட்டி வெக்க மாட்டாரு கோபாலு. கேட்ட ஒடனே குடுப்பாரு." பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "சோதனைக்காரன் கொம்பு வெச்சிக்கினு வருவான்னு பாத்துக்கினு ஒக்காராதீங்க. ஆண்டவராண்டயே பசி நேரம் பாத்துத்தான் வந்தான். ஒங்காண்டயும் அப்டித்தான் வருவான். அண்ணான்னு கூப்புடுவான். பாவப்பட்டவன் மாதிரி பேசுவான். ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லுவான். எதுத்து நின்னா ஓடிப்போவான். போறப்ப ஆளக் கீழ தள்ளி ஒதறிட்டுத்தான் போவான். அதுக்குப் பயந்துடாதீங்க."

இம்மானுவேல் எழுந்து முன்னால் போய் முழங்கால் போட்டான். கோபாலும் கூட வர, வீடு திரும்பும் வழியில் சுவரோரம் நின்று விக்டோரியாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் கேப்பேன். கெஞ்சுவேன். கேட்டாலும் குடுக்காத. அப்ப கேக்கறது நான் கெடயாது."

"குடுக்க மாட்டேன்," என்றாள் அவள்.

இப்போது வேனிலிருந்து பார்த்திபன் இறங்கி வந்தான். கான்ட்ராக்டரின் மேஸ்திரி. இம்மானுவேலைவிட இளையவன்.

"இன்னாண்ணா, வண்டி கூவிக்கினே கீது, நீ மாப்புள கணக்கா குந்திக்கினுகீற?"

"நான் வரல பார்த்திபா. நிறுத்திட்டேன்."

பார்த்திபன் தொடைக்கு அடியில் கிடந்த கைகளைப் பார்த்தான். வேனுக்குப் போய், துண்டில் சுற்றிய பாட்டிலோடு வந்தான். அதை விக்டோரியாவிடம் நீட்டினான்.

"அண்ணி, ரெண்டு மூடி ஊத்திக் குடு. கை நின்னுடும்."

"எடுத்துக்கினு போ."

"ஃபர்னஸாண்ட நிக்க இன்னிக்கு ஆள் கொறையுது அண்ணி. மொதலாளி என் கழுத்துல கத்தி வெச்சிடுவாரு."

"அதுக்கு நீ எங்க ஊட்டுக்காரர் கழுத்துல கொண்டாந்து வெக்கறியா?"

குழாயடிப் பெண்கள் சிரித்தார்கள். பார்த்திபன் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்: "ஒரேடியா நிறுத்தக் கூடாது அண்ணி. ஒடம்பு தாங்காது. எங்க நைனா அப்டித்தான் போய்ட்டாரு. கொஞ்சம் கொஞ்சமா கொறைக்கணும். நல்லதுக்குச் சொல்றேன்."

அவன் முகத்தில் உண்மையிலேயே ஒரு வருத்தம் தெரிந்தது. அதைப் பார்த்ததும்தான் விக்டோரியாவுக்குப் பயம் வந்தது. அண்ணா என்று கூப்பிட்டாயிற்று. பாவப்பட்டவன் மாதிரி பேசியாயிற்று. ஒடம்புக்கு நல்லது என்றும் சொல்லியாயிற்று. அவள் பாட்டிலை வாங்கித் திருகித் திறந்து, சாக்கடையில் கவிழ்த்தாள். நாற்றம் குப்பென்று எழுந்தபோது படியிலிருந்த இம்மானுவேல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பாட்டிலயாவது குடு," என்றான் பார்த்திபன். "கணக்கு காட்டணும்."

அவன் போனபின் கோபாலின் மனைவி குணசுந்தரி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "குடுத்து வெச்சவடி நீ. எங்க ஊட்டுது வேன் வர்றதுக்கு முன்னாடியே போய் நின்னுகினு கீது."

அன்று முழுக்க இம்மானுவேலுக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது. கஞ்சி தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைப் பெண்கள் நேராக வீட்டுக்கு வந்தார்கள். அவன் பாயில் உட்கார்ந்து கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். முதலில் இடது கை, பிறகு வலது, பிறகு பனியன்.

"இன்னாங்க?"

"பொறி. ஃபர்னஸ் மூடியத் தொறந்துட்டானுங்க பாரு." மகள் ஸ்நேகா தண்ணீர் கொண்டுவந்தபோது அவளை இழுத்து, தலைமுடியை அவசரமாகத் தட்டினான். "கொழந்தைய உள்ள கூட்டிக்கினு போ. எரிஞ்சிடப் போறா."

ஸ்நேகா அசையாமல் நின்றாள். அவன் தட்டத் தட்ட அவள் பின்னல் அவிழ்ந்தது. பெண்கள் சத்தத்தை உயர்த்தி ஜெபித்தார்கள். மாலையில் அவன் விக்டோரியாவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரே ஒரு மூடி. தாயே, ஒரே ஒரு மூடி."

"நீங்க கேக்கல," என்றாள் அவள். "இது நீங்க இல்ல."

"நான்தாண்டி. இம்மானுவேலுதான்."

அவள் அவன் கைகள் இரண்டையும் தன் மடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கொதிக்கிற பானை மூடியைப் போல அவை அவள் கைக்குள் துள்ளின. பாஸ்டர் வந்து அவன் நெற்றியில் கை வைத்தவர், சட்டென்று எடுத்தார்.

"அனலா கொதிக்குதே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போலாமாம்மா?"

"அங்க போனா ஊசியப் போட்டு மயக்கிடுவாங்க பாஸ்டர். பாதில விட்டா அது திரும்பி வந்துடும். எதுத்து நின்னா ஓடிடும்னு நீங்கதான சொன்னீங்க?"

பாஸ்டர் தன் தழும்பைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு அவரும் முழங்கால் போட்டார்.

திங்கட்கிழமை காலை, நாஷ்டாவுக்கு அவள் இட்லி வாங்கிக்கொண்டு திரும்பியபோது, பாயில் அவன் உடம்பு வில்லாக வளைந்தது. கால்கள் தரையை அடித்தன. வாயோரம் நுரை தள்ளியது. ஜெபித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து கைதட்டினார்கள். "போது, போது, விட்டுட்டுப் போது!" என்று ஒருத்தி கத்தினாள். விக்டோரியாவும் தட்டினாள். கண்ணீர் வழிய, உள்ளங்கை சிவக்கத் தட்டினாள். துடிப்பு நின்றது. அவன் முகம் அமைதியானது. "ஸ்தோத்திரம்," என்றார்கள் எல்லோரும்.

அவன் கண் திறப்பான் என்று காத்திருந்தார்கள். பாஸ்டர் குனிந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். "ஆட்டோ கூப்புடுங்க," என்றார். அந்தக் குரலை அவர்கள் சபையில் கேட்டதில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் காலேஜ் பெண்ணைப் போலத் தெரிந்தாள். என்ன வேலை, எவ்வளவு நாளாகக் குடி, எப்போது நிறுத்தினான் என்று கேட்டாள். பிறகு பேனாவை மூடினாள்.

"பழகின உடம்பும்மா. திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் ஆகும். கை நடுங்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும். இது ஒரு வியாதி. அட்மிட் பண்ணி, மருந்து குடுத்துக்கிட்டேதான் நிறுத்தணும். நடுங்க ஆரம்பிச்ச அன்னைக்கே வந்திருந்தா…" முடிக்காமல், "இ.எஸ்.ஐ. கார்டு இருக்கா?" என்று கேட்டாள்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கார்டு கிடையாது. விளக்கு வைக்கும் நேரத்தில் இம்மானுவேல் போய்விட்டான். வெராந்தாவில் நின்ற கோபால் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். "சத்தியமா இனி தொட மாட்டேன். இம்மானுவேலு மேல சத்தியம்," என்று அழுதான். விக்டோரியா காதில் அது விழுந்தது. ஆனால் மனதில் ஏறவில்லை.

திருப்பூரிலிருந்து இம்மானுவேலின் அண்ணன் வந்து சேர, புதன்கிழமை அடக்கம் வைத்தார்கள். பெட்டி தூக்க மில் ஆட்கள் வந்தார்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, வேலிகாத்தான் நிழலில் வேன் இன்ஜினை அணைக்காமல் நின்றது. பார்த்திபன் கொஞ்ச நேரத்துக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தான்.

"அவன் தோக்கல," என்றார் பாஸ்டர் குழியோரம் நின்று. உடனே பாட்டு எடுக்கச் சொன்னார். விக்டோரியா ஒரு பிடி மண் அள்ளிப் போட்டாள். மண் ஈரமாக இருந்தது. கையில் ஒட்டிக்கொண்டது.

பெட்டி இறக்கியவர்கள் ஒவ்வொருவராகச் சுவருக்கு அந்தப் பக்கம் போய், வாயைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறினார்கள். கோபால் மட்டும் போகாமல் கயிற்றைப் பிடித்தபடியே நின்றான். கயிற்றின் முனை அவன் கையில் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு இடது கையைத் தட்டினான். அடுத்து வலது கையை. அடுத்து சட்டையை.

விக்டோரியா பாட்டின் நடுவில் அவனிடம் வந்தாள்.

"இன்னாண்ணா?"

"ஒண்ணுல்லம்மா. பொறி விழுது."

உச்சி வெயிலில் சுற்றிலும் மண்ணும் சிலுவைகளும்தான் இருந்தன.

"எப்பத்துலேந்து தொடல?"

"ஆஸ்பத்திரில சொன்னேனே. அதுலேந்து."

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு சுவரைச் சுற்றி வேனுக்கு ஓடினாள். "பார்த்திபா, கோபாலண்ணன ஆஸ்பத்திரில எறக்கி வுட்டுட்டுப் போ. அவருக்கும் அதேதான்."

பார்த்திபனுக்குப் புரிந்தது. அவன் கண்கள் சிவந்திருந்தன. "இரும்பு உருகி நிக்குது அண்ணி. இந்நேரம் அங்க இருக்கணும். வண்டியத் திருப்பினா நாளிக்கி எனக்கு வண்டி இல்ல."

அதற்குள் கோபாலே தடுமாறி வந்து வேன் கதவைப் பிடித்தான். "ஆஸ்பத்திரிக்கெல்லாம் நான் போவல. ஒரு நாள் வரலன்னாலே என் எடத்துல ஆள் போட்டுடுவான். குணா இன்னா பண்ணுவா? தள்ளும்மா, வேலைக்குப் போறேன்."

"இந்தக் கையோட ஃபர்னஸாண்டயா?"

"நின்னுடும்." கையைக் கதவில் அழுத்திக்கொண்டான். கதவும் சேர்ந்து கடகடத்தது.

டிரைவர் கியரைப் போட்டான். விக்டோரியா பார்த்திபனைப் பார்த்தாள். பிறகு அவன் முன் கையை நீட்டினாள். அவன் முதலில் விளங்காமல் விழித்தான். அப்புறம் சீட்டுக்கு அடியில் குனிந்து ஒரு கப்பில் ஊற்றி, அந்தக் கையில் வைத்தான்.

"குடிங்கண்ணா."

கோபால் பின்வாங்கினான். "அவன் மேல சத்தியம் பண்ணேன்மா."

"அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். குடிங்க."

"கேட்டாலும் குடுக்கக் கூடாதுன்னு…"

"நீங்க கேக்கலயே. நான்தான குடுக்கறேன்."

அவன் கையால் வாங்க முடியவில்லை. அவள் ஒரு கையால் அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கப்பை அவன் வாயில் வைத்தாள். பற்கள் பிளாஸ்டிக்கில் படபடவென்று அடித்தன. பாதி மோவாயில் வழிந்தது. மீதி உள்ளே போனது. சுவருக்கு அப்பால் பாட்டு நின்றுவிட்டது. பாஸ்டர் சுவரோரம் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றாள் விக்டோரியா.

இரண்டாவது கப்பைக் கோபாலே பிடித்துக்கொண்டான். குடித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கப்பைத் திருப்பிக் கொடுத்தான். கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடி நின்றான். தட்டிக்கொண்டிருந்த கை மெல்ல மெல்ல அடங்கியது. பார்த்திபன் கைகொடுத்து அவனை மேலே இழுத்தான்.

வேன் செம்மண் கிளப்பிக்கொண்டு சிப்காட் பக்கம் திரும்பியது. கப் இன்னும் அவள் கையில் இருந்தது. விரலில் ஒட்டிய குழி மண்ணில் சாராயம் வழிந்து சேறாகியிருந்தது. வேன் ஜன்னல்களில் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றிலும் ஹெல்மெட் இல்லை.