எட்டாவதாக வீடு

ஜிந்துப்பிட்டிச் சந்தொன்றில் இருந்த தன் சொந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்கு, அடைக்கப்பன் தினமும் கொழும்பில் ஏழு இடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரவேண்டியிருந்தது. சுதந்திர சதுக்கம், நூதனசாலை எனப்படும் அருங்காட்சியகம், கங்காராமை விகாரை, தாமரைக் கோபுரம், கோட்டை மணிக்கூட்டுக் கோபுரம், புறக்கோட்டையில் ஒல்லாந்தர் கால நூதனசாலை, வுல்வெண்டால் தேவாலயம் என்று ஒழுங்கு. எட்டாவதுதான் வீடு. ஒன்றை விட்டாலும், முன்பின்னாக மாற்றினாலும் கதவு திறக்காது. அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதைப் போல.

எண்ணெய்க்கும் காஸுக்கும் நின்ற வரிசைகள் ஓய்ந்து, வெள்ளைக்காரர்கள் மறுபடி நாட்டுக்குள் வரத் தொடங்கிய வருடத்தில் இது ஆரம்பித்தது. புதிதாகத் தொடங்கிய ஒரு சுற்றுலா நிறுவனம், ஒரே அட்டையில் கொழும்பு முழுவதையும் பார்க்கலாம் என்று விளம்பரம் போட்டது. அதன் ஆட்கள் இரண்டு பேர், ஒரே நிறச் சட்டை போட்டவர்கள், ஒரு வெள்ளிக்கிழமை மாலை அடைக்கப்பன் வீட்டுக்கு வந்தார்கள். செட்டியார்கள் சரக்கு வைத்திருந்த பழைய கிட்டங்கி ஒன்றின் பின்பாதி அந்த வீடு. பர்மாத் தேக்குத் தூண்கள் நான்கு இன்னும் நின்றன. அவர் மனைவி பெத்தாள் ஆச்சி அவர்களுக்குக் காப்பியும் மாவுருண்டையும் கொடுத்தாள். வீட்டையும் அட்டையில் சேர்க்கலாமா என்று அவர்கள் கேட்டபோது அவள் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். செட்டியார் வீடுகளில் விளக்கு வைக்கும் நேரத்தில் ‘இல்லை’, ‘வேண்டாம்’ என்ற சொற்கள் வாயில் வரக் கூடாது. உப்புத் தீர்ந்தால்கூட உப்பு நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதனால் அடைக்கப்பன் “நாளைக்கு வாங்க” என்றார். செட்டித்தெருவில் பிறந்த எவனுக்கும் அது முடியாது என்று சொன்னதாகப் புரிந்திருக்கும். அந்த இருவரும் மறுநாள் காலையில் துளைபோடும் மெஷினோடு வந்து, சவர்க்காரப் பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கருவியைக் கதவு நிலையில் பதித்துவிட்டு, வீட்டுக்காரருக்கு மரியாதையாக இரண்டு அட்டைகள் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேலியில் போன ஓணானுக்குக் காப்பி கொடுத்து உள்ளே கூப்பிட்ட கதைதான்.

அன்று மாலை அடைக்கப்பன் வெள்ளவத்தையில் தான் மேற்பார்வை பார்க்கும் புடவைக் கடையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். கதவு திறக்கவில்லை. சாவி திரும்பியது, தாழ் விலகியது, பெத்தாளும் உள்ளிருந்து இழுத்தாள். கதவு சும்மா இருந்தது. தச்சர் வந்து பார்த்துக் கதவில் குறையொன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு மதிலேறிப் பின்முற்றத்தில் குதித்துப் பார்த்தார் அடைக்கப்பன். குதித்தவர் விழுந்தது சுதந்திர சதுக்கத்துப் புல்லில். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தவருக்கு அங்கிருந்த தகவல் பலகையில் ‘ஒன்று’ என்று எழுதியிருந்தது கண்ணில் பட்டது. கணக்குப் பார்த்துப் பழகியவர் ஆனதால் அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் ஒன்றிலிருந்து ஏழுவரை பார்த்துவிட்டு வந்து அட்டையைக் காட்டினார். கதவு திறந்தது.

ஒரு வருடம் போவதற்குள் அந்த நிறுவனம் மூடுவிழாக் கண்டது. சட்டைக்காரர்கள் இருவரும் கட்டாருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அட்டையை நிறுத்தவோ கருவியைக் கழற்றவோ பொறுப்பான ஆள் யாரும் இருக்கவில்லை. மூன்று நாள் அட்டை என்று அதில் அச்சடித்திருந்தது. அந்த மூன்று நாள் முடிந்துவிட்டது என்று சொல்லவும் ஆளில்லாததால் அது முடியவேயில்லை. கருவியைக் கழற்றப் போன மின்சார வேலைக்காரன் ஒருவனும் சுதந்திர சதுக்கத்துப் புல்லில்தான் போய் விழுந்தான். அதன்பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

கடை முதலாளி நல்ல மனிதர். சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மூன்று மணிக்கே போகவிட்டார். மூன்று மணிக்கு வெள்ளவத்தையில் பஸ் ஏறும் அடைக்கப்பன், இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் சந்துக்குள் நுழைவார். சும்மா வாசலில் அட்டையைக் காட்டிவிட்டு ஓடிவர முடியாது. கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். ஒருநாள் கண்டி அரசனின் சிம்மாசனத்தின் முன்னால் நின்றபடியே தூங்கிப்போனார். அன்றைக்குக் கதவு திறக்கவில்லை. ஜெஸீமா என்ற மாளிகாவத்தைப் பெண், நூதனசாலை வாசலில் அனுமதிச்சீட்டுக் கொடுப்பவள், அதைக் கேள்விப்பட்ட பிறகு சிம்மாசனத்துப் பக்கம் வந்து அவரை ஒருதரம் இருமி எழுப்பிவிட்டுப் போவதை வழக்கமாக்கிக்கொண்டாள். காவலாளிகள் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. “அய்யே, அதத் கெதர யனவத?” என்று சிங்களத்தில் விசாரிப்பார்கள், இன்றைக்கும் வீட்டுக்கா என்று. வேறெங்கே போவது என்று அவரும் சிங்களத்திலேயே சொல்வார். உலகத்தின் மறுகோடியிலிருந்து காசு கொடுத்து வந்து பார்க்கிற நகரத்தை, அவ்வளவு வெறுப்போடு தினமும் பார்த்தவர் வேறொருவர் இருக்க முடியாது.

பெத்தாள் ஆச்சி அந்தக் கருவி வந்த நாளிலிருந்து வாசல்படி தாண்டவில்லை. தாண்டினால் திரும்பி வர ஏழு இடம். அவளுக்கு முழங்கால் வலி. அதைவிட, தான் வெளியே மாட்டிக்கொண்டால் சாயங்காலம் விளக்கு வைக்க ஆளில்லையே என்பது அவள் கவலை. காய்கறியை மாடியிலிருந்து கூடை விட்டு எடுத்துக்கொள்வாள். அட்டையோடு வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் காப்பி கொடுப்பாள். அவர்கள் தூண்களைத் தடவிப் பார்த்துவிட்டு, தீர்ந்த அட்டைகளை ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். நாளடைவில் அவர்கள் வருவதும் நின்றது. தாமரைக் கோபுரத்தின் உச்சிக்கு அடைக்கப்பன் ஏறும் நேரம் அவளுக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு மொட்டைமாடிக்கு வந்து நிற்பாள். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் அவள் சேலை ஒரு அரக்கு நிறப் புள்ளி. மற்ற எல்லாவற்றையும் அலுப்போடு பார்த்தவர் அதை மட்டும் உண்மையாகப் பார்த்தார். வீட்டுக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் அவள் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுத் தூங்கிப்போயிருப்பாள். ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்த அந்தப் புருஷன் பெண்டாட்டி முகம் பார்த்துப் பேசிக்கொண்டது குறைவு.

இப்படியே இரண்டு வருடம் ஓடியிருக்கும்போது, வெள்ளவத்தையில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் விஷ்ணுப்பிரியா உண்டானாள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் பிள்ளையைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவதுதான் முறை. அழைக்காத தாயை ஊர் என்ன சொல்லும் என்பது ஒருபக்கம் இருக்கட்டும், பெத்தாளுக்கே அது தாங்காது. முன்னறையை வெள்ளையடித்து, தொட்டிலுக்குக் கொக்கி மாட்டி, மருந்துச் சாமான் எல்லாம் இடித்துச் சலித்து வைத்துவிட்டாள். காலையில் கடைக்கென்று வாசல்படி இறங்கிவிட்ட கணவருக்கு, கிண்ணத்திலிருந்து இரண்டு அட்டைகளைக் கூடையில் போட்டு இறக்கினாள். அடைக்கப்பன் தயங்கினார். ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை ஏழு இடம் நடக்கவைப்பதா என்று கடையிலிருந்து போனில் கேட்டார்.

“தலைச்சன் பிள்ளைக்கு எம் பொண்ணு தாய்வீட்டுக்கு வராம வேற எங்கங்க போவா? மெதுவாக் கூட்டிட்டு வாங்க. நான் இங்க கண்ணு பூத்து உக்காந்திருக்கேன்” என்றாள் பெத்தாள். கேட்ட குரலில் அழுகை இருந்தது.

நல்ல நாள் பார்த்து, காலையிலேயே மருமகன் விஷ்வா வான் பிடித்தான். சுதந்திர சதுக்கம் சுலபமாக முடிந்தது. நூதனசாலையில் ஜெஸீமா தன்னுடைய நாற்காலியையே தூக்கிக்கொண்டு கூடவே வந்து, ஒவ்வொரு கூடத்திலும் விஷ்ணுப்பிரியாவை உட்காரவைத்தாள். கால் வீங்கியிருப்பதைக் கண்டு, இதற்கு மேல் இந்தப் பிள்ளையை நடக்கவைக்காதீர்கள் நானா என்று, அண்ணனிடம் சொல்வதைப் போல, அடைக்கப்பனிடம் தனியாகச் சொன்னாள். கங்காராமையில் வெயில் ஏறிவிட்டது. கோபுரத்தின் மின்தூக்கி மேலே போகும்போது விஷ்ணுப்பிரியா விஷ்வாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். உச்சியில் அடைக்கப்பன் அவளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்த் தன் வீட்டுக் கூரையைக் காட்டினார். மொட்டைமாடியில் அந்தப் புள்ளி நின்றது. வழக்கத்தைவிட முன்னதாகவே வந்து, கையையும் ஆட்டிக்கொண்டிருந்தது.

விஷ்ணுப்பிரியா கண்ணாடியில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்து அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பச்சி, என்னால ஏலாது. ஆத்தாவப் பாத்துட்டேன், போதும். என்னத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

இன்னும் மூன்றே இடம்தான் என்று சொல்ல வாயெடுத்த அடைக்கப்பனுக்கு அந்தக் கால்களைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது. மூன்றே இடம் என்றால் எவ்வளவு தூரம் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? பெத்தாளுக்குப் போன் எடுத்து, பிள்ளை உட்கார்ந்துவிட்டாள் என்று மட்டும் சொன்னார். அவர் கூரையைப் பார்த்தார். புள்ளி கையாட்டுவதை நிறுத்தியிருந்தது.

“கீழ எறக்கி நெழல்ல உக்கார வைங்க, நான் வர்றேன்” என்றாள் பெத்தாள். விளக்கு என்று அவர் ஞாபகப்படுத்தினார். “அது கெடக்கட்டும்” என்றாள். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை அவர் கேட்டதில்லை.

அடுப்பை அணைத்து, இடித்துவைத்த மருந்தைப் பையில் கட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. சந்தில் நின்றவர்கள், ஆச்சி ஒருதரம் திரும்பி நிலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு முச்சக்கரவண்டியில் ஏறினாள் என்கிறார்கள். கோபுரத்தடியில் ஒரு மர நிழலில் மகளின் கால்களை மடியில் எடுத்துவைத்து அவள் பிடித்துவிட்டபோது, அந்த வழியாகப் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவர்களையும் பார்க்க வேண்டிய இடமாக நினைத்துச் சற்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு எல்லோருமாக வான் ஏறி வெள்ளவத்தைக்குத் திரும்பினார்கள். விஷ்வாவின் இரண்டறை மாடிவீட்டில் ஒரு அறையைப் பெத்தாளுக்கும் அடைக்கப்பனுக்கும் ஒதுக்கினார்கள்.

மறுநாள் மூன்று மணிக்கு அடைக்கப்பன் கடையை விட்டு இறங்கி, வழக்கமான பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தனக்கு எங்கும் போகவேண்டியதில்லை என்பது உறைத்தது. அடுத்த தரிப்பில் இறங்கி நடந்தார். மருமகன் வீடு கடைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். அந்தக் கதவைத் தள்ளினார், திறந்தது. வெயில் இன்னும் இருந்தது. பெத்தாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலையில் நரை எப்போது இவ்வளவு ஏறியது என்று கேட்க நினைத்து, கேட்காமல், பக்கத்தில் உட்கார்ந்து அவரும் வெங்காயம் உரித்தார். பேச வேண்டியது இரண்டு வருடத்துக்கு இருந்தது. ஆனால் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. அதற்குப் பெத்தாளின் மூக்கு. தீட்டுக் கழிந்த முதல் வெள்ளிக்கிழமை, வீட்டை இருட்டாகப் போட்டுவைத்தது போதும், போய் விளக்கு வைத்துவிட்டு வரலாம் என்றாள் பெத்தாள். அடைக்கப்பன் அட்டைகளை எடுத்தார். கொழும்பில் இவ்வளவு காலம் இருந்தும் செட்டித்தெருவுக்கும் பம்பலப்பிட்டி வேல் விழாவுக்கும் அப்பால் எதையும் பார்த்திராத அந்த அம்மாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏழு இடத்தையும் பார்த்தாள். நூதனசாலைச் சிலைகளுக்கு ஒரு பூவாவது வைக்கக் கூடாதா என்று ஜெஸீமாவிடம் கேட்டாள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் உட்கார்ந்து, தினமும் இதையெல்லாம் சுமந்துகொண்டா வந்தீர்கள் என்று கணவரிடம் கேட்டாள். அவர் ஆமாம் என்றார். அதற்குப் பிறகு வுல்வெண்டால்வரை அவருடைய பையை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள்.

வீடு திறந்தது. விளக்கு வைத்தாள். அடைக்கப்பன் தன் கட்டிலில், தன் பக்கத்தில், உடம்பை நீட்டிப் படுத்தார். நகரத்தையே விலையாகக் கொடுத்து வந்து சேருகிற கட்டில் அது. அவள் வந்து அவர் காலடியில் நின்றாள். இங்கேயே இருந்துவிடலாமா என்று அவளும் யோசித்தது அவருக்குத் தெரிந்தது.

“காலைல புள்ளைக்கு எண்ணெய் தேய்க்கணும்” என்றாள் கடைசியில். “எந்திரிங்க.”

எழுந்தார். எழுவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இருவரும் வாசல்படி இறங்கினார்கள், கதவு தானாகச் சாத்திக்கொண்டது, தெருமுனையில் முச்சக்கரவண்டி கிடைத்தது. கொள்ளுப்பிட்டி வருவதற்கு முன்பே அடைக்கப்பன் அவள் தோளில் தலை சாய்த்து வாய் திறந்து தூங்கிவிட்டார். வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் தலை நழுவாமல் அவள் ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் இதுதான் நடக்கிறது. காவலாளிகள் இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து வணக்கம் சொல்கிறார்கள். மழை நாட்களில் வுல்வெண்டால் வாசலில் யாராவது குடை கொடுத்து உதவுகிறார்கள். விளக்கு வைத்துவிட்டு அரைமணி நேரம் அந்த வீட்டில் காப்பி குடித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு வெள்ளவத்தைக்குப் போய்விடுகிறார்கள்.