புளி போட்டுத் தேய்த்த கைகள்

மாதவிக்கு முதலில் ஆய்வுக்கூடத்தின் மேல்தான் சந்தேகம். ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களின் கைகளில், வேலை முடிந்த பிறகும் எவ்வளவு களைக்கொல்லி ஒட்டியிருக்கிறது என்பதுதான் அவளுடைய முதுகலை ஆய்வு. பேராசிரியரிடம் மல்லுக்கட்டி வாங்கிய தலைப்பு. வேலை முடிந்து வந்தவர்களின் கைகளைப் பஞ்சால் துடைத்துப் புட்டிகளில் அடைத்து அனுப்பினாள். வந்த அறிக்கையோ எல்லாக் கைகளும் சுத்தம் என்றது. நகம் கறுத்து, விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும் லெட்சுமியின் கைகூடச் சுத்தமாம். யாரிடம் கதை விடுகிறார்கள்?

மறுநாள் காலையிலேயே, தான் தங்கியிருந்த பாரோயிலிருந்து மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். மருந்து ஸ்டோருக்கு வெளியே பெண்கள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியம்மா, அன்னிக்கு நான் தொடைக்கறதுக்கு முன்னாடி கை கழுவினீங்களா?"

"கழுவாம?" லெட்சுமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "டெஸ்ட்டுன்னதும் விமலாதான் வீட்டுலேர்ந்து புளி கொண்டாந்துச்சு. குத்துவிளக்கு தேய்க்கற மாதிரி தேய்ச்சோம்லா. அழுக்குக் கையை நீட்டி உன் படிப்பைக் கெடுப்பமா?"

"கழுவக் கூடாதுன்னு சொன்னேனே!"

"நீ மரியாதைக்குச் சொன்னேன்னு நெனச்சோம். வீட்டுக்கு வர்றவங்க ஒண்ணும் வேணாம்னுதான் சொல்வாங்க. அதுக்காகத் தேத்தண்ணி கலக்காம விட்டுருவோமா?"

அழுவதா, கத்துவதா என்று மாதவிக்குத் தெரியவில்லை. இவர்கள் மேல் கோபப்படவும் மனம் வரவில்லை. அன்று புட்டிகளுக்குப் பேர் ஒட்டுகிறேன் என்று, இவர்களைக் கவனிக்காமல் ஸ்டோருக்குள் உட்கார்ந்துவிட்டதை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

நேரே தோட்டத்து ஆபீசுக்கு ஓடினாள். அறிக்கையின் நகல் ஒன்று மானேஜர் கணேசமூர்த்திக்கும் போக வேண்டும். அந்த நிபந்தனையின் பேரில்தான் அனுமதியே கிடைத்திருந்தது. மனுஷர் சந்தோஷமாக இருந்தார்.

"சார், அன்னிக்கு எல்லாரும் கை கழுவிட்டாங்க. இன்னொரு நாள் குடுங்க, திரும்ப எடுக்கறேன்."

"கழுவினாங்களா? நல்ல பழக்கம்தானே!" என்றார். "ரிப்போர்ட்டை ஹெட் ஆபீசுக்கு அனுப்பிட்டேம்மா. ரொம்பத் திருப்தி அவங்களுக்கு. வேலையைப் பாத்துக்கற மண்டோர் வீரமுத்து இவங்களுக்குப் புது கிளவுஸ் கேட்டிருந்தாரு, இனி அவசியமில்லைன்னுட்டாங்க. திரும்ப டெஸ்ட்டெல்லாம் வேணாம்."

மாதவி கெஞ்சினாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வாசலில் நின்று பேராசிரியருக்குப் போன் செய்தாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். தவணை நீட்டிக்க முடியாது, மாதக் கடைசிக்குள் ஒப்படைத்தாக வேண்டும். "நடந்ததை ஆய்வின் வரம்புகள்னு ஒரு பத்தியில எழுதிடும்மா. பாஸ் பண்ணிடுவே, பயப்படாதே," என்றார். அந்தப் பத்தியை ஹெட் ஆபீசில் யார் படிக்கப் போகிறார்கள்?

மோட்டாரை எடுக்க வந்தபோது லெட்சுமி முதுகில் மருந்துத் தொட்டியோடு வழிமறித்தாள்.

"என்ன பாப்பா, பாஸ்தானே?"

"பாஸாயிருவேன், பெரியம்மா."

"ஏய், பாப்பா பாஸாம்!" என்று அவள் கத்தியதும் அங்கே நின்ற பெண்களெல்லாம் கைதட்டினார்கள். லெட்சுமி இடுப்பில் செருகியிருந்த பழைய கையுறையை எடுத்து மாட்டினாள். கிழிசல் வழியாகக் கறுத்த நகம் வெளியே வந்தது.

"அப்ப உன் ரிப்போர்ட்டைப் பார்த்து எங்களுக்குப் புது கிளவுஸ் குடுத்துருவாங்கல்ல?"

மாதவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.