மேகத்தில் அவர் போட்ட கோடு

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இன்ஜின் பார்க்கிறவர். எத்தனை முறை குளித்தாலும் எண்ணெய்ப் புகை வாடை போகாது. "புகைபோக்கி வந்தாச்சு" என்றுதான் கதவைத் திறப்பேன். அன்று காலையிலிருந்து அவர் கப்பலிலிருந்து ஒரு தகவலும் இல்லை. ரேடியோவில் கூப்பிட்டுக் கூப்பிட்டு கம்பெனிக்காரர்களுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

நான் வானிலை அலுவலகத்தில் செயற்கைக்கோள் படம் பார்க்கிறவள். "லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போங்கக்கா" என்றாள் பக்கத்து மேசைக்காரி. வீட்டுக்குப் போய் சுவரையா பார்ப்பது? இங்கேயாவது அந்தக் கடலைப் பார்க்கலாம். கடல் எங்கே தெரிந்தது, பாழாய்ப்போன மேகம் மூடிக் கிடந்தது.

அந்த மேகத்தின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று. கப்பல் புகை போடுகிற கோடு. புகையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத தூசு ஒவ்வொன்றும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இருக்கிற தண்ணீர் கோடானுகோடி பொடித் துளிகளாகப் பங்கு பிரிந்துவிடும். மேகம் அங்கே மட்டும் பளிச்சென்று வெளுக்கும், துளி கனக்காததால் தூறலும் விழாது. இப்படி எத்தனையோ கோடுகளைப் பார்த்துக் கொட்டாவி விட்டிருக்கிறேன். அன்று உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தப் பக்கம் போனது அவர் கப்பல் ஒன்றுதான்.

ஆனால் கோடு நடுக்கடலில் நின்றிருந்தது. அடுத்தடுத்து வந்த படங்களில் அது கலைந்ததே தவிர நீளவில்லை. இன்ஜின் நின்றதா, கப்பலே போய்விட்டதா? மாமியார் போன் செய்தார்.

"ஏதாச்சும் தெரிஞ்சுதாம்மா?"

"மேகமா இருக்கு அத்தை."

பொய்யில்லையே.

மதியம் வந்த படத்தில், கோடு முடிந்த இடத்துக்குப் பக்கத்தில் நகத்தளவு ஒரு வெள்ளைக் கீற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அதற்கடுத்த படத்தில் விரல் நீளம் இருந்தது, கரைப்பக்கம் திரும்பியிருந்தது. இன்ஜின் ஓடுகிறது. அதை ஓட்டுகிற மனுஷனும் இருக்கிறார். ஒரு தூசு, கண்ணுக்கே அகப்படாத தூசு, அத்தனை பெரிய மேகத்தை வெளுக்க வைத்து எனக்குச் சேதி சொல்கிறது. மழையைக் கெடுக்கிற சனியன் என்று தெரிந்தும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மாமியாருக்கு நானே போன் போட்டேன்.

"அத்தை, உங்க பிள்ளை வந்துட்டிருக்கார்."

"ரேடியோல பேசினானா?"

"இல்ல அத்தை. புகை விடறார்."

"விடட்டும்மா, நல்லா விடட்டும்" என்று அழ ஆரம்பித்தார். அதுவரை அடக்கி வைத்திருந்த எனக்கும் அழுகை வந்துவிட்டது.