பூசைக்கு நிறுத்திய பெட்டி

படுத்தே கிடக்கச் சொன்ன டாக்டரம்மா ஒரே ஒரு நாள் அப்படிப் படுத்துப் பார்க்க வேண்டும். பாத்ரூமுக்கு மட்டும் எழுந்திருக்கலாமாம், நிமிர்ந்து உட்காரக் கூடாதாம். இரண்டு முறை தங்காமல் போன வயிறு என்பதால் நானும் வாயைத் திறக்கவில்லை. செவிலிமேட்டு வீட்டில் கட்டிலே கதி என்று கிடந்தேன். ஆனால் வேலையை விடவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் முனிரத்தினம் அண்ணன் கடையில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது என் வேலை. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நான் வரைந்து கொடுப்பதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அந்த அட்டை தறியில் ஏறினால்தான் புடவையில் மயில் வரும், மாங்காய் வரும். டிசைன் போடுகிற புரோகிராம் கடையில் ஒரு பெட்டிக்குள் ஓடுகிறது. அந்தப் பெட்டிக்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. அலமாரி மேல்தட்டில் உர்ரென்று சத்தம் போட்டபடி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

கடைக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிற சாமுவேல், என் கட்டிலை ஒட்டி ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, போன் லைன் வழியாக அந்தப் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தான். "புரோகிராம் அங்கதான்க்கா ஓடும். அதோட மூஞ்சி மட்டும் இங்க தெரியும்" என்றான். நான் இங்கே ஒரு கோடு இழுத்தால் அது பிள்ளையார்பாளையம் போய், யோசித்து, ஆடி அசைந்து திரும்பி வந்து என் திரையில் விழும். சேமிக்கச் சொல்லிவிட்டாலோ கேட்கவே வேண்டாம். முழுத் திரையையும் மறுபடி வரைந்து முடிப்பதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடலாம். அதனால் ஒரு உருவம் முழுசாக முடிந்த பிறகுதான் சேமிப்பேன்.

முனிரத்தினம் அண்ணன் முதலிலேயே சொல்லிவிட்டார். "விஜயதசமி காலைல புது டிசைனுக்கு அட்டை குத்த ஆரம்பிக்கணும். உன் டிசைன் வந்துட்ச்சுன்னா, பிரசவம் ஆவற வரைக்கும் நீ இப்டியே படுத்துக்கினு செய். வரலன்னா குமுதவல்லிய உன் சீட்ல உக்கார வெச்சிடுவேன். தப்பா நெனச்சுக்காதமா."

குமுதவல்லி எனக்குப் பின்னால் சேர்ந்தவள். நல்ல கை. என் பயமே அந்த நல்ல கைதான். அந்த நாற்காலியில் அவள் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால், கைக்குழந்தையோடு போய் நிற்கிற என்னை யார் எழுப்பி உட்கார வைப்பார்கள்?

புடவையின் உடலும் கரையும் முடிந்திருந்தன. முந்தியில் வருகிற யாளி ஒன்றுதான் பாக்கி. ஆயுத பூசை அன்று கடை லீவு, யாரும் நடுவில் வந்து உயிரை எடுக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டுக் காலையிலேயே ஆரம்பித்தேன். என் மாமியார் அங்கம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"சத்யா, அந்த டப்பாவ நிறுத்துமா. பொட்டு வெச்சு பூசைல சேத்துடறேன். அருவாமனை, மம்பட்டி, எம்புள்ள வண்டி எல்லாம் வெச்சாச்சு."

"அத்தை, இது வேல செய்யற பொட்டி இல்ல. சும்மா காட்டற பொட்டி. வேல எல்லாம் கடைல இருக்கற பொட்டிலதான் நடக்குது."

"அப்ப பூசை அதுக்குதானா?"

"ஆமா, அதுக்குதான்" என்று சொல்லிவிட்டு யாளியின் வாலுக்குத் திரும்பினேன். அப்போதாவது எனக்கு உறைத்ததா என்றால் இல்லை. பேச்சில் ஜெயித்த சந்தோஷம்.

வால் முடிந்து, பிடரி முடிந்து, நகங்களுக்கு வந்தபோது கோடு வரவில்லை. அம்புக்குறி நகர்ந்தது, கோடு மட்டும் விழவில்லை. வழக்கமான நொண்டி நடைதான் என்று காத்திருந்தேன். பிறகுதான் போன் லைனோடு இருக்கிற சின்னப் பெட்டியில் விளக்கு அணைந்திருந்ததைப் பார்த்தேன். போனை எடுத்தேன். டயல் டோன் வந்தது. அப்படியென்றால் லைன் சரி, கடைப் பக்கம்தான் ஏதோ ஆகியிருக்கிறது. கடைக்குப் போட்டேன்.

"சொல்லுமா! இப்பத்தான் தீவாரன ஆச்சு. உன் பொட்டிக்கும் ஒரு முழம் பூ சாத்திருக்கேன்."

"அண்ணா, அத நிறுத்திட்டீங்களா?"

"பின்ன? தறியே நிக்குது, அது மட்டும் ஓடலாமா?"

"நான் அதுக்குள்ள வேல செஞ்சுக்கினு இருந்தேண்ணா!"

"இன்னாமா சொல்ற? அதுல டிவியே இல்லியே. யாரு உள்ள இருக்காங்கன்னு எங்களுக்கு எப்டி தெரியும்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அதுதான் எரிச்சல். அவர்கள் பார்த்தது ஒரு தகரப் பெட்டி. துடைத்தார்கள், நிறுத்தினார்கள், பொட்டு வைத்தார்கள்.

"சரிண்ணா, இப்ப திரும்பப் போடுங்க. உக்காந்து முடிச்சுத் தந்துடறேன்."

"பூசைல வெச்சத நாளைக்கு காலைலதான்மா எடுக்கணும். எங்கப்பா காலத்துலருந்து அப்டித்தான். நீ கேட்டா போட்டுடறேன். ஆனா வயித்துல புள்ளய வெச்சுக்கினு கேக்கறியேமா."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் 'போடுங்க' என்று சொல்லத் துணிவு வரவில்லை. வாசற்படியில் நின்ற அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாண்ணா" என்று வைத்துவிட்டேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

சாமுவேலைப் போனில் கூப்பிட்டேன். "திரையில யாளி அப்டியே நிக்குதுடா."

"அது வெறும் கறைக்கா. புரோகிராம் செத்துப்போச்சு. அது மேல வேற எந்த விண்டோவும் வரக் கூடாது. வந்தா தொடச்ச மாதிரி போயிடும்."

"படமா எடுத்து வெக்க முடியாதா?"

"அதுக்கே இன்னொரு விண்டோ தொறக்கணும். அது யாளி மேலதான் வந்து உக்காரும். ஸ்க்ரீன் சேவர் வந்தாலும் போச்சு. மவுச ஆட்டிக்கினே இருங்க."

ஒரே வழி, கட்டம் போட்ட தாளில் கையால் எடுப்பது. தாளைப் பார்த்தும் அட்டை குத்துவார்கள். அத்தை தாளும் பென்சிலும் கொண்டுவந்தாள். படுத்துக்கொண்டு கட்டம் எண்ண முடியாது. எழுந்து உட்கார்ந்தேன்.

"ஒக்காராதமா" என்றாள் அத்தை. "கொஞ்ச நேரம்தான்" என்றேன். கொம்பு வந்தது, கண் வந்தது. நடுநடுவே மவுஸை அசைத்தேன். பிடரிக்கு வரும்போது அடிவயிற்றில் ஒரு இழுப்பு. முந்தைய இரண்டு தடவையும் அப்படித்தான் ஆரம்பித்தது. பென்சிலை அப்படியே போட்டுவிட்டுச் சாய்ந்தேன்.

"அத்தை, அந்த மவுச ஆட்டிக்கினே இருங்க. வேற எதையும் தொடாதீங்க."

பாவம், ஆட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் இழுப்பு மறுபடி வந்து நான் முனகியதும், அதை விட்டுவிட்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க, அதப் பாருங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கை எனக்கு வேண்டியிருந்தது. வலி அடங்குகிற வரை இருவரும் அப்படியே இருந்தோம். என் வீட்டுக்காரர் ஆசையாகப் போட்டுவைத்த வண்ண மீன்கள் திரையில் நீந்த ஆரம்பித்தன. அத்தை பதறிப்போய் மவுஸை அசைத்தாள். மீன்கள் போயின. யாளி இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறம்.

மறுநாள் காலை முனிரத்தினம் அண்ணனே கூப்பிட்டார்.

"உடம்பு தேவலயாமா? குமுதவல்லி முன்னமே ஒரு அன்னம் போட்டு வெச்சிருந்துச்சு. அதையே அட்டைக்குக் குடுத்துட்டோம். நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. உன் யாளி மெதுவா வரட்டும், அவசரம் இல்ல."

அந்தக் கடையில் சேர்ந்த நாளிலிருந்து, அவசரம் அவசரம் என்று கத்தாமல் அவர் என்னிடம் ஒரு பூக்கூடக் கேட்டதில்லை.

"இன்னா சொன்னாரு?" என்றாள் அத்தை.

"அவசரம் இல்லியாம்."

"தங்கமான மனுசன்" என்றாள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். குலுங்கி அழக்கூடப் பயமாக இருந்தது.