துணை நாற்காலி

சூப்பரிண்டெண்ட் ஓய்வு பெற்று வருடங்கள் ஓடிவிட்டன. தெருவில் எல்லோரும் அவரை இன்னமும் சூப்பரிண்டெண்ட் என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடுவது அவர் காதில் விழுவதில்லை என்பது வேறு விஷயம். இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காதில் வாயை வைத்துச் சொன்னால் ஏதோ கொஞ்சம் ஏறும். ஒரு மெஷின் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் என்று அவர் மனைவி தொண்டைத் தண்ணீர் வற்றக் கெஞ்சிப் பார்த்தாள். "அதெல்லாம் கிழவனுங்க மாட்டறது" என்று எழுபதைத் தாண்டிய அந்த மனிதர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். ஆகவே குளிக்க வெந்நீர் ரெடி என்பதைக்கூட அவள் கத்தித்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைச் சண்டைக்காரி என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

சமுதாயக் கல்லூரியில் வயதானவர்களுக்கு மாலை வகுப்பு நடப்பதைக் கேள்விப்பட்டு, மகள்தான் அப்பாவுக்குப் பெயர் கொடுத்தாள். "வாரத்துல ரெண்டு சாயங்காலமாவது உன் உயிரை வாங்காம இருப்பாரும்மா" என்றாள். வானிலை வகுப்பை அவரே தேர்ந்தெடுத்தார். தினமும் காலையில் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, இன்றைக்கு மழை வராது என்று தீர்ப்புச் சொல்கிறவர் அல்லவா. அந்தத் தீர்ப்பை நம்பித் துணி காயப்போட்டு அவள் ஏமாந்த நாட்கள் கொஞ்சநஞ்சமில்லை.

கல்லூரியில் ஒரு ஏற்பாடு இருந்தது. கண்ணோ காதோ காலோ ஒத்துழைக்காதவர்கள் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தருவார்கள். துணைக்கு வருகிறவர் மாணவர் இல்லை. வருகைப் பதிவில் பெயர் கிடையாது, புத்தகம் கிடையாது, வகுப்பில் வாய் திறந்து கேள்வி கேட்கக்கூடாது. அந்த நாற்காலியில்தான் அவள் உட்கார்ந்தாள். ஆசிரியை சொல்லச் சொல்ல, அதை அவர் வலது காதில் திருப்பிச் சொல்வது அவள் வேலை. வகுப்பில் எல்லோரும் அவளுக்குக் காதம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒன்றைத் திருப்பிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அது தனக்குப் புரிய வேண்டும். புரியாமல் சொன்னால் அவர், "என்ன உளர்ற?" என்று எல்லோர் முன்னாலும் எரிந்து விழுவார். அதற்குப் பயந்துதான் அவள் உன்னிப்பாகக் கேட்க ஆரம்பித்தாள். போகப் போக பயம் போய்விட்டது. எந்த மேகம் எவ்வளவு உயரத்தில் நிற்கும், காற்று ஏன் கடலிலிருந்து பகலில் வந்து இரவில் திரும்புகிறது, பனி ஏன் கண்ணாடியில் படிகிறது என்று ஒவ்வொன்றாக மண்டைக்குள் ஏற ஏற, அவளுக்கு உச்சி குளிர்ந்தது. மொட்டை மாடியில் துணியைப் போட்டுவிட்டு அங்கேயே நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பாள். கல்யாணத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவள். அந்த நாற்காலி ஒன்றுதான் தன் வாழ்க்கையில் தனக்கென்று கிடைத்தது என்று அவளுக்குத் தோன்றியது. அது அவளுடையது இல்லை என்பதை மறந்துபோனாள்.

படிப்புப் பருவத்தின் கடைசியில் ஒவ்வொரு மாணவரும் எழுந்து நின்று பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும் என்பது வகுப்பின் வழக்கம். சூப்பரிண்டெண்ட் இடி மின்னலைப் பற்றி மனப்பாடம் செய்துகொண்டு போய், கோப்பு படிக்கிற குரலில் கடகடவென்று ஒப்பித்தார். தப்பில்லாமல்தான் சொன்னார். முடித்ததும் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருத்தி கேட்டாள்:

"சார், வெயில் காலத்துல போய் ஐஸ் கட்டியா மழை பெய்யுதே, அது எப்படி?"

அவருக்குக் கேட்கவில்லை. மனைவியின் பக்கம் தலையைச் சாய்த்தார். வழக்கப்படி அவள் கேள்வியைக் காதில் போட்டிருக்க வேண்டும். ஆனால் பதில் அவளுக்கு நுனிநாக்கில் நின்றுகொண்டிருந்தது.

"வெயில்ல தரை சூடானா காத்து வேகமா மேல ஏறுமில்லையா, அது தண்ணித் துளியையும் சேர்த்து மேல தூக்கிட்டுப் போயிடும். அங்க உறைஞ்சு கீழ வரும், காத்து மறுபடி தூக்கிட்டுப் போகும். ஏறி எறங்கி ஏறி எறங்கி, மேல மேல ஐஸ் படியும். காத்தால தாங்க முடியாத கனம் ஆனதும் பொத்துனு விழுந்துடும்."

வகுப்பு கை தட்டியது. ஆசிரியை சிரித்தபடி, "நிஜமான ஸ்டூடண்ட் நீங்கதாம்மா" என்றாள். அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொன்னாள். நல்ல மனதோடு சொல்கிறவர்கள் சொல்லிவிட்டுத் தங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சூப்பரிண்டெண்டுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கை தட்டியது தெரிந்தது, எல்லோரும் யாரைப் பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்த வாரம் அவர் தனியாகக் கிளம்பிப் போய், காதில் மெஷினோடு திரும்பி வந்தார்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பா திருந்திட்டாருடி" என்றாள். அன்று மாலை முழுக்க அவரிடம் மெல்லிய குரலில் பேசிப் பேசிப் பார்த்தாள். தன் சாதாரணக் குரல் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

புதுப் பருவம் தொடங்கிய அன்று அவள் தலைவாரி, புடவை மாற்றிக்கொண்டு வந்து செருப்பை மாட்டினாள்.

"நீ எங்க கெளம்புற?"

"கிளாஸுக்குங்க."

"எனக்குத்தான் காது கேக்குதே. இனிமே தொணை எதுக்கு? வீட்டைப் பாத்துக்கோ."

அவள் செருப்போடு வாசலில் நின்றாள். இத்தனை வருடம் தான் கெஞ்சியதற்கு வாங்காத மெஷினை அந்த மனிதர் எதற்காக வாங்கினார் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கல்லூரி அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரில் இடம் கேட்டாள். "ஃபுல் ஆயிடுச்சும்மா. யாராவது பாதியில நின்னுட்டா உங்களைச் சேத்துக்கறேன்" என்றார் கிளார்க். அவள் வீட்டுக்கு வந்து கணவரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"இந்த ஒரு தடவை உங்க இடத்தை எனக்கு விட்டுக் குடுங்களேன். உங்களுக்கு அதுல அவ்வளவா இஷ்டம் இல்லையே."

"யார் சொன்னா இஷ்டம் இல்லைன்னு? இந்த வயசுல நீ படிச்சு என்ன ஆபீசுக்கா போகப் போற?" என்று கேட்டுவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். அவர் எந்த ஆபீசுக்குப் போகப் போகிறார் என்று அவள் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து மார்க்கெட்டில் நர்ஸம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உங்க வீட்டுக்காரர் உக்காந்ததும் மெஷினைக் கழட்டி வெச்சுடறாரும்மா. சத்தம் மண்டையைக் குடையுதாம். சும்மா தலையாட்டிட்டு இருக்காரு. பாக்கவே பாவமா இருக்கு" என்றாள்.

அன்று மாலை அவள் கல்லூரிக்குப் போனாள். ஆசிரியையிடம் நேரில் கேட்டுவிடுவது, ஒரு மூலையில் நின்றாவது கேட்டுக்கொள்கிறேன் என்று காலில் விழாத குறையாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கரும்பலகையில் புயலின் படம். முன்வரிசையில் சூப்பரிண்டெண்ட். மெஷின் மேஜை மேல் கிடந்தது. அவளுடைய நாற்காலியில் அவருடைய பை உட்கார்ந்திருந்தது.

கதவைத் திறந்தாள். எல்லோரும் திரும்பினார்கள். "வாங்கம்மா, வாங்க" என்று ஆசிரியை முகம் மலர்ந்தாள். எல்லோரும் பார்க்கும் திசையில் அவரும் பார்த்தார். பார்த்ததும் அவசரமாக மெஷினைக் காதில் செருகிக்கொண்டு, பைக்குள் கையை விட்டார்.

"வீட்டுச் சாவிக்கு வந்திருக்கா. எப்பவும் மறந்துடுவா" என்று வகுப்புக்குச் சொல்லிச் சிரித்தபடி தன் சாவியை எடுத்து நீட்டினார்.

அவளுடைய சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. நர்ஸம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மானம் அங்கேயே போய்விடும். நாற்பது வருடப் பழக்கம் அவள் வாயை அடைத்தது.

"ஆமாங்க, சாவிக்குத்தான் வந்தேன்" என்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்து உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, விளக்கைப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்தாள். பிறகு வாசல் மணி அடித்தது. மறுபடி அடித்தது. கதவைத் தட்டும் சத்தம் வந்தது. "ஏய், சாவி உங்கிட்டதானே இருக்கு, தெற" என்று அவர் கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவருக்கு இப்போதுதான் கத்த வேண்டிய தேவை வந்திருந்தது.

எல்லாம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அவரை அவள் மனதார வெறுத்தாள். எழுந்து போய்த் திறக்காமல் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று யோசித்தாள். பால் அடுப்பில் ஏற்ற வேண்டும், அவருக்கு மாத்திரை எடுத்து வைக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் தான் திறந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவரைவிட அதைத்தான் அவள் அதிகமாக வெறுத்தாள்.