முகம் சுளிக்காதவன்

மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தை முகம் சுளிக்காமல் குடித்தவன் கிடையாது என்று, டாக்டருக்கு உதவியாளான டிரஸ்ஸர் வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் நம்பினார்கள். மலாயாவின் ஜொகூரில் அந்த ஆஸ்பத்திரி ஹாஸ்டலின் விளையாட்டே அதை வைத்துத்தான் நடந்தது. புதிதாக வருகிறவனை நடுவில் உட்கார வைத்து, கொயினாவைக் கரண்டி கரண்டியாக ஊற்றுவார்கள். அவன் முகம் சுளித்ததும் கட்டிப்பிடித்து, தேத்தண்ணீரும் ரொட்டியும் கொடுத்துத் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்வார்கள். சுளிக்கும்வரை ஊற்றுவார்கள் என்பதைப் புதியவனிடம் சொல்லக் கூடாது. அதுதான் வேடிக்கையாம். நல்ல வேடிக்கை!

போன வருஷம் கிபாயத்துல்லா முதல் கரண்டியிலேயே குமட்டினான். மூவாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை, நாக்கு செல்லமாக வளர்ந்தது. அன்றைக்கு அவனை முதலில் கட்டிப்பிடித்தவன் மூத்த மாணவன் மணியம். பிறகு கிபாயத்துல்லா காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவனும் மணியம்தான். சொந்த அண்ணனைப் போல மணியத்தை நினைத்தான் கிபாயத்துல்லா.

இந்த வருஷம் வந்தவன் ஐயாசாமி, காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனை உட்கார வைத்தார்கள். மணியம் ஊற்றினான். ஐயாசாமி விழுங்கினான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இன்னொரு கரண்டிக்கும் இல்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அலமாக்! என்ன திமிருலா இவனுக்கு!” மணியம் கரண்டியைப் போட்டுவிட்டுக் குவளையை எடுத்தான்.

“போதும் மணியண்ணே,” என்றான் கிபாயத்துல்லா, சிரித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டு சொன்னால் யார் காதில் ஏறும்? பாட்டில் காலியான பிறகுதான் கூட்டம் கலைந்தது.

மறுநாள் காலை வார்டில் ஐயாசாமி கட்டில் காலில் இடித்துக்கொண்டு விழுந்தான். வாந்தி எடுத்தான். காதுக்குள் வண்டு கத்துகிறது, கண் இருட்டுகிறது என்றான். உடம்பும் லேசாகச் சுட்டது. வெள்ளைக்கார டாக்டர் துரை வந்து, மருந்து ஏதாவது குடித்தாயா என்று மலாய் மொழியில் கேட்டார்.

“இல்ல துரை,” என்றான் ஐயாசாமி. வந்த வேகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவனுக்கு.

துரை மணியத்தைப் பார்த்தார். “தோட்டத்துக் காய்ச்சல்தான் துரை,” என்றான் மணியம்.

துரைக்கும் அப்படித்தான் பட்டது. காய்ச்சல் மூளைக்கு ஏறியிருக்கிறது, ரத்தம் சோதிக்கும்வரை காத்திருந்தால் ஆள் போய்விடுவான். “கொயினா ஊசி, உடனே,” என்று கிபாயத்துல்லாவிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

கிபாயத்துல்லா வெறும் ஊசியைக் கையில் எடுத்தான். குடித்ததே உடம்பு தாங்காத அளவு. அதற்கு மேல் ஊசியும் போனால் கண் போகும், நெஞ்சே நின்றாலும் நிற்கும். பாடத்தில் படித்ததுதான்.

“மணியண்ணே, நீங்களே சொல்லிருங்க.”

“வாய மூடுலா! சொன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ஒரு ஊசிதானே, ஒண்ணும் ஆகாது.” மணியம் குரலைத் தாழ்த்தினான். “உனக்குக் கஞ்சி ஊட்டினது யாருன்னு மறந்துட்டியா?”

மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. ஊசியை நிரப்பாமல் தட்டில் வைத்துவிட்டு, துரையிடம் போனான்.

“அவன் கொயினா குடிச்சிருக்கான் துரை. ஒரு பாட்டில் முழுசா. நாங்கதான் குடிக்க வெச்சோம்.”

“யார் ஊற்றியது?”

“மணியம். நான் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு நின்னேன்.”

ஊசி நின்றது. அன்று மாலையே மணியம் டிரங்குப் பெட்டியோடு கிளம்பினான். கிபாயத்துல்லா வாசல்வரை போனான், மணியம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கிபாயத்துல்லாவுக்கும் தண்டனை உண்டு. ஐயாசாமியோடு முதல் வருஷ வகுப்பிலேயே மறுபடி உட்கார வேண்டும். இனி எவனாவது இந்த விளையாட்டை ஆடினால் ஹாஸ்டலையே மூடிவிடுவேன் என்றார் துரை.

சாப்பாட்டு மேசையில் கிபாயத்துல்லா உட்கார்ந்ததும் மற்றவர்கள் எழுந்து போனார்கள். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஐயாசாமியின் கட்டிலுக்கு வந்தான். ஐயாசாமிக்குப் பார்வை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது, ஆட்கள் நிழலாகத் தெரிந்தார்கள்.

“கிபாயத்துல்லா நானாவா?” முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவான் ஐயாசாமி.

“நான்தான். ஏன்டா, ஒரு தடவையாச்சும் மூஞ்சியச் சுளிச்சிருக்கக் கூடாதா? அப்பவே விட்டிருப்பாங்களே.”

“சுளிச்சா விட்டிருப்பீங்களா?” ஐயாசாமி நம்பாமல் கேட்டான்.

“அதான் விளையாட்டே.”

ஐயாசாமி குரல் வந்த பக்கம் திரும்பினான்.

“தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு வரிசையா நிக்க வெச்சு கொயினா ஊத்துவாங்க நானா. யாரு மூஞ்சியச் சுளிக்கிறாங்களோ அவங்களுக்கு இன்னொரு கரண்டி. அதனால சின்னப் புள்ளையிலேயே சுளிக்காம இருக்கப் பழகிட்டேன்.” தண்ணீர்க் குவளைக்காகக் கையை நீட்டித் தடவினான். “நீங்க ஊத்த ஊத்த, நமக்குத் தெரியாம எங்கயோ சுளிக்கிறோம் போலன்னு நெனச்சு, மூஞ்சிய இன்னும் இறுக்கிக்கிட்டேன்.”