எண்பத்தைந்து லென்ஸும் எண்ணூறு மீட்டரும்

லென்ஸின் விளிம்பில் பொறித்திருக்கும் எண் மில்லிமீட்டரைக் குறிப்பதாகப் படித்தவர்களும் நம்புகிறார்கள். இந்தப் பிழை பாடப்புத்தகம்வரை போயிருப்பது கவலைக்குரியது. அந்த எண் நிமிடங்களைக் குறிக்கிறது. ஐம்பது லென்ஸ், ஐம்பது நிமிடங்களுக்கு முன் எதிரே நடந்ததைப் படமெடுக்கும். அதற்கு மிரர்லெஸ் கேமராதான் வேண்டும். உள்ளே கண்ணாடி இருந்தால் அதில் நிகழ்காலம் பட்டுத் தெறித்துப் படத்தைக் கெடுத்துவிடும்.

அப்படியொரு கேமராவைச் சோதிக்க மாவட்டத் தடகளப் போட்டிக்குப் போயிருந்தேன். பெண்கள் எண்ணூறு மீட்டர் ஓட்டம் பத்து இருபதுக்கு முடிந்தது. முத்துச்செல்வியும் ரஹ்மத்தும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டதாகத் தலைமை நடுவர் வேதநாயகம் அறிவித்தார். மாநிலப் போட்டிக்கு ஒருவர்தான் போகலாம். பன்னிரண்டு மணிக்குள் ஆதாரம் வராவிட்டால் பூவா தலையா.

பதினொன்றரைக்கு முத்துச்செல்வியின் பி.டி. டீச்சர் லூர்துமேரி என்னிடம் வந்தார்.

“எம்புள்ளதான் சார் முன்னாடி. என் கண்ணால பார்த்தேன். உங்ககிட்ட என்ன லென்ஸ் இருக்கு?”

“ஐம்பது இருக்கு. இப்ப எடுத்தா பத்து நாற்பதுதான் விழும். பழைய எண்பத்தஞ்சு ஒண்ணு இருக்கு. ஆனா வேற கம்பெனி, அடாப்டர் போட்டாத்தான் உட்காரும்.”

“உட்கார வைங்க. நான் நிக்கிறேன்.”

உட்கார்ந்தது. ஆட்டோஃபோக்கஸ் மட்டும் மறுத்துவிட்டது. வளையத்தைக் கையால் திருப்பினேன். பதினொன்று நாற்பத்தைந்துக்கு முடிவுக்கோட்டுக்கு நேரே நின்று எடுத்தேன். திரையில் மைதானக் காவலர் பரமசிவம் குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“இது பத்து எட்டு,” என்றார் வேதநாயகம். “லேட்டா கோடு போடுறார்னு அப்பத்தான் சத்தம் போட்டேன்.”

தவறு என்னுடையது. அடாப்டருக்குள் லென்ஸ் கிடையாது, வெறும் காற்று. காற்றுக்கு ஏது நேரம் என்று இருந்துவிட்டேன். அதன் தடிமனை அளந்தேன். பன்னிரண்டு.

“அப்ப பதினொன்னு அம்பத்தேழு,” என்றார் டீச்சர்.

“ஒரு தடவைதான் எடுக்க முடியும். மங்கலா வந்தா நான் பொறுப்பில்ல.”

“மங்கலா எடுக்க நீங்க எதுக்கு சார்? என் போன் போதுமே.”

நொடிக்கு இருபது படம் என்று வைத்தேன். டீச்சர் தன் குடையைக் கேமராவுக்குப் பிடித்தார். ரஹ்மத்தின் அண்ணன் வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, “எடுங்க, எங்களுக்கும் தெரிஞ்சாகணும்,” என்றார்.

பதினொன்று ஐம்பத்தேழுக்கு அழுத்திய விரலை ஆறு நொடிகள் எடுக்கவில்லை. நூற்றிருபது படங்கள்; கேமரா ஒருமுறைகூடத் திணறவில்லை. முப்பத்தொன்பதாவது படத்தில் முத்துச்செல்வியின் மார்பு ஒரு விரற்கடை முன்னால் இருந்தது. வேதநாயகம் பெரிதாக்கிப் பார்த்தார். ரஹ்மத்தின் அண்ணனும் பார்த்தார். பன்னிரண்டடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் முதல் இரண்டு இடங்களுக்கும் கையெழுத்தானது. மூன்றாம் இடத்தைப் பற்றி யாரும் முறையிடவில்லை. அதற்குக் கையெழுத்து இல்லை.

லென்ஸ் பொருந்துகிறது, அடாப்டரையும் கூட்டிக்கொள்ளவும் என்று அறிக்கையில் எழுதினேன்.

படமெடுக்கப்பட்ட ஆறு நொடிகள் வழக்கம்போல் மைதானத்திலிருந்து கழிக்கப்பட்டன. கையெழுத்தான இரண்டு இடங்கள் மட்டும் நின்றன. மூன்றாவதாக வந்த கோகிலவாணி அந்த ஆறு நொடிக்குள்தான் கோட்டைத் தொட்டிருந்தார். அவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார். மதியச் சாப்பாட்டை இரண்டாவது வளைவில் நின்று கொடுத்தோம்.